விலையைக் கேட்கிறோம், வாய்ப்பைக் கேட்கிறோமா?

(கீழ்பென்னாத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தொழில்முறை விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஐபிஎல் ஏலம், வீரர்கள் அணி மாறுவது, ஒருவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறுவது, இறங்குவது, இவையே இன்றைய பொருள். செஞ்சி சாலையில் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஏலம் நடக்கும் நாளில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "எவ்வளவுக்குப் போனான்?" 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். சரி, அந்த ஏலத்தில் வாங்கப்பட்ட மற்றவர்களில் எத்தனை பேர் களத்தில் இறங்கினார்கள்? எத்தனை ஆட்டம் ஆடினார்கள்? இதை நாம் கேட்பதே இல்லை. ஒரு வீரரை ஆக்குவது அவருக்குத் தொடர்ந்து கிடைக்கும் வாய்ப்பு. ஏல விலைக்கு அதில் உள்ள பங்கு மிகச் சிறியது. இதுதான் என் வாதம். நம் தமிழ்நாட்டு வீரர்களின் வாழ்க்கையைக் கொண்டே இதை உங்கள் முன் நிறுவப் பார்க்கிறேன்.

முதலில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜனை எடுத்துக்கொள்வோம். 2017 ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. தமிழ்நாடே கொண்டாடியது. அந்த ஆண்டு அவர் ஆடியது ஆறு ஆட்டம், எடுத்தது இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டு விலை 40 லட்சமாக இறங்கியது, ஐதராபாத் அணிக்குப் போனார். 2018 போனது, 2019 போனது, ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020இல் அதே 40 லட்சம் ரூபாய் வீரரிடம் ஐதராபாத் பந்தைக் கொடுத்தது, ஆட்டத்துக்கு ஆட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தது. 16 ஆட்டம், 16 விக்கெட், உலகம் வியந்த யார்க்கர்கள். அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வடிவங்களிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 3 கோடிக்குப் போன நடராஜனுக்கும் 40 லட்சத்து நடராஜனுக்கும் என்ன வேறுபாடு? கை அதே கை, யார்க்கர் அதே யார்க்கர். ஒரு தலைவர் நம்பிப் பந்தைக் கொடுத்தார், திரும்பத் திரும்பக் கொடுத்தார். இப்போது 2025க்கு வாருங்கள். டெல்லி அணி அவருக்குக் கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். அவர் வாழ்நாளிலேயே பெரிய விலை. அந்தப் பருவத்தில் அவருக்கு ஓரிரு ஆட்டங்களுக்கு மேல் கிடைக்கவில்லை. விலை உச்சியில் நின்றது, வீரர் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

வருண் சக்கரவர்த்தி கதையும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் எதிர்த்திசையிலிருந்து. கட்டடக்கலை படித்தவர். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) போட்டிகளில் மதுரை அணிக்கு வீசிய சுழலால் கவனம் பெற்றவர். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ஏறி ஏறி 8 கோடியே 40 லட்சத்துக்குப் பஞ்சாப் அணிக்குப் போனார். ஈடன் கார்டனில் முதல் ஆட்டம். முதல் ஓவரிலேயே சுனில் நரைன் வெளுத்து வாங்கினார், 25 ரன் போனது. அதோடு சரி, காயமும் சேர்ந்துகொள்ள அந்தப் பருவத்தில் அந்த ஒரே ஆட்டம்தான். விலையை வைத்து அளப்பவர்கள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "எட்டரைக் கோடி தண்டம்" என்றார்கள். மறு ஏலத்தில் விலை பாதிக்கும் கீழே, 4 கோடி. எடுத்தது கொல்கத்தா. அங்கே 2020இல் 17 விக்கெட், அடுத்த ஆண்டு 18. 2021 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி விக்கெட் கிடைக்காமல் போனபோது தேசிய அணி அவரைக் கைவிட்டது. கொல்கத்தா கைவிடவில்லை. 2024இல் 21 விக்கெட் எடுத்து அந்த அணி கோப்பை வாங்கக் காரணமானார். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட். அன்றைக்கு "தண்டம்" என்றவர்கள் இன்றைக்கு அவரை "மர்மச் சுழல்" என்கிறார்கள். நடுவில் நடந்தது மர்மம் ஏதுமில்லை. ஒரு அணி பொறுமையாக அவரை ஆடவிட்டது.

இது இரண்டு பேரின் தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாது. ஐபிஎல் அமைப்பின் கணக்கிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பத்து அணிகள். ஒவ்வொரு அணியும் 25 பேர்வரை வைத்துக்கொள்ளலாம். ஆக 250 பேர். களத்தில் இறங்குவது பதினொருவர், 2023இல் வந்த மாற்று வீரர் விதியையும் சேர்த்தால் பன்னிருவர். பத்து அணிகளுக்கும் 120. மீதி 130 பேர் எந்த நாளிலும் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். லீக் சுற்றில் அணிக்கு 14 ஆட்டம்தான். இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு இளைஞன் முதல் இரண்டு ஆட்டத்தில் சறுக்கினால் மூன்றாவது வாய்ப்பு வருவதற்குள் பருவமே போய்விடும். திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவில் மாட்டுச் சந்தை கூடும், உங்களுக்குத் தெரியாததா? அங்கே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை வெளியே தெரியாது. ஆனால் ஏரில் பூட்டப் போகிறாரா, வண்டியில் பூட்டப் போகிறாரா என்பதை வாங்குகிறவர் முதலிலேயே முடிவு செய்திருப்பார். வேலையில்லாத கொட்டகைக்கு யாரும் பணம் கொடுத்து மாடு ஓட்டிப் போவதில்லை. ஐபிஎல் ஏலத்தில் விலை உலகத்துக்கே தெரிகிறது, வாங்கப்பட்ட மனிதருக்கு என்ன வேலை என்பது மட்டும் பல நேரம் வாங்கியவருக்கே தெரிவதில்லை.

இனி, இந்த வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் இரண்டு மட்டையாளர்கள். ஒருவர் கோயம்புத்தூரின் நாராயண் ஜெகதீசன். இன்னொருவர் சென்னையின் சாய் சுதர்சன். ஜெகதீசனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் 2018இல் எடுத்தது. நம்ம பையன் நம்ம அணியில் என்று மகிழ்ந்தோம். 2022 வரை அந்த மஞ்சள் சட்டை அவரிடம் இருந்தது. அந்த ஐந்து பருவங்களில் அவர் ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. அந்த மாதத்திலேயே, மாநில அணிகள் மோதும் விஜய் ஹசாரே ஒருநாள் போட்டியில் என்ன நடந்தது? ஆந்திரத்துக்கு எதிராகச் சதம். சத்தீஸ்கருக்கு எதிராகச் சதம். கோவாவுக்கு எதிராகச் சதம். அரியானாவுக்கு எதிராகச் சதம். ஐந்தாவதாக அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277! லிஸ்ட் ஏ ஒருநாள் ஆட்டங்களில் உலகில் யாரும் ஒரே இன்னிங்ஸில் எடுக்காத ரன். அன்று தமிழ்நாடு 506 ரன் குவித்தது. இந்த மனிதருக்குத்தான் ஐந்து ஆண்டுகளாக இடமில்லாமல் இருந்தது.

சாய் சுதர்சனைக் குஜராத் அணி 2022இல் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. எவ்வளவு சிறிய தொகை தெரியுமா? 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம். உள்ளூர்ப் போட்டியின் விலை ஐபிஎல் விலையைவிட அதிகம்! ஆனால் குஜராத் அவரை ஆடவிட்டது. 2023 இறுதி ஆட்டத்தில், அகமதாபாத்தில், நம் சென்னைப் பந்துவீச்சையே பிரித்து மேய்ந்து 47 பந்தில் 96 எடுத்தார். கோப்பை நமக்கு வந்தது, ஆனால் ஆட்டக்காரர் அன்று பிறந்துவிட்டார். 2025இல் 759 ரன், பருவத்தின் அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பி, அந்த ஜூன் மாதமே லீட்ஸில் டெஸ்ட் அறிமுகம். அதே 2025இல் சென்னை அணி வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. ஒருவர் சென்னைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், ஒருவர் குஜராத் சட்டையில் ஆடினார். யாருக்கு நன்மை நடந்தது? ரசிகர்களாகிய நாம் சட்டையின் நிறத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். பார்க்க வேண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கையை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். கேட்பதும் நியாயம். "ஐயா, அருணாசலப் பிரதேசத்தின் பந்துவீச்சு என்ன பந்துவீச்சு? ஐபிஎல்லில் வருவது உலகத்தின் முதல்தரப் பந்து. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று வலைப்பயிற்சியில் தினமும் பார்க்கிற பயிற்சியாளருக்குத் தெரியாதா?" 277க்கு எதிரே நின்ற பந்துவீச்சு பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்புக் கிடைத்த எல்லாரும் சுதர்சன் ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய நான்கு சதங்களும் பலவீனமான பந்தில் வந்தவை அல்லவே. 2025இல் இங்கிலாந்துத் தொடரின் கடைசி டெஸ்டுக்கு, காயமடைந்த ரிஷப் பந்துக்குப் பதிலாக இந்தியத் தேர்வாளர்கள் அணியில் சேர்த்தது இதே ஜெகதீசனைத்தானே. பயிற்சியாளரின் கண் கூர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் வலைப்பயிற்சி ஒருவருடைய கையைக் காட்டும், நெஞ்சைக் காட்டாது. நாற்பதாயிரம் பேர் கூச்சலிடும்போது ஒருவர் எப்படி நிற்பார் என்பதை அந்தக் கூச்சலுக்கு நடுவே நிறுத்தித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதற்குச் சான்று சென்னை அணியே. ருதுராஜ் கெய்க்வாட் 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்துக்கு வந்தவர். 2019 முழுவதும் உட்கார்ந்திருந்தார். 2020இல் அவருடைய முதல் மூன்று ஆட்டங்களின் கணக்கு: 0, 5, 0. நாமெல்லாம் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். அணி அவரைத் தூக்கி எறிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எறியவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் 65, 72, 62. அடுத்த ஆண்டு 635 ரன், ஆரஞ்சுத் தொப்பி, அணிக்கு நான்காவது கோப்பை, பின்னாளில் தலைமைப் பதவி. மூன்று தோல்விக்குப் பின் நான்காவது ஆட்டம் என்ற ஒன்று கிடைத்ததால் வந்த வாழ்க்கை அது. ருதுராஜுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை ஜெகதீசனுக்கும் காட்டியிருக்கலாம். கடல் கடந்தும் இதே பாடம்தான். அமெரிக்கப் பேஸ்பாலில் மினசோட்டா அணி 2002 டிசம்பரில் டேவிட் ஆர்ட்டிஸ் என்ற வீரரை வேண்டாம் என்று விடுவித்தது. பாஸ்டன் அவரை எடுத்தது. 2003இல் மெல்ல நிலையான இடம் கிடைத்ததும் 31 ஹோம் ரன் அடித்தார். 2004இல் பட்டத்துக்கான பாஸ்டனின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்த அணியின் தூணாக நின்றார். அதன் பின்னும் இரண்டு பட்டங்கள், 2022இல் புகழ்மன்றத்தில் இடம். விடுவித்த அணியின் கண்ணும் கூர்மையான கண்தான்.

அடுத்த எதிர்ப்பு நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. "சென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு வீரர்களை எடுக்கவில்லையே, அதைப் பேசுங்கள்" என்பார்கள். பேசுகிறேன். இந்த வருத்தத்துக்கு நியாயம் உண்டு. தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள். 2008இல் டெல்லி, பிறகு பஞ்சாப், மும்பை, மீண்டும் டெல்லி, பெங்களூர், குஜராத் லயன்ஸ், கொல்கத்தா, கடைசியில் மீண்டும் பெங்களூர். 257 ஆட்டங்கள். அதில் ஒன்றுகூடச் சென்னைச் சட்டையில் இல்லை. தொடக்க ஆண்டுகளின் சென்னை அணி அப்படி இருக்கவில்லை. பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி, அஸ்வின் எல்லாரும் களத்தில் நின்றார்கள். 2011 இறுதி ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், விஜய் 95 ரன் எடுத்தார். முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ரன் எதுவும் எடுக்கவிடாமல் அனுப்பிய அஸ்வின் 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். அந்தக் கோப்பையில் நம் மண் ஒட்டியிருந்தது. ஆனாலும் இட ஒதுக்கீடு வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பெயருக்கு நான்கு தமிழர்களை எடுத்து உட்காரவைத்தால் யாருக்கு லாபம்? கார்த்திக் நம் ஊர்ச் சட்டை போடவில்லை, ஆனால் ஆடினார். 2022இல் பெங்களூர் அணி அவருக்குக் கடைசி ஓவர்களின் பொறுப்பை முழுதாக ஒப்படைத்தது. 330 ரன் எடுத்து, 37 வயதில் உலகக் கோப்பை அணிக்குத் திரும்பினார். எனவே சென்னையிடம் நாம் கேட்க வேண்டியது, "ஏன் எடுக்கவில்லை?" என்பதைவிட, "எடுத்தீர்களே, ஏன் ஆடவிடவில்லை?" என்பதுதான்.

வாய்ப்பு என்ற இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் அணி மாற்றத்தைப் பற்றிய நம் கோபமும் தெளிந்துவிடும். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார், சாம் கரனும் போனார், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் சிக்சரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா. பன்னிரண்டு பருவம் சென்னைக்கு உழைத்தவர். 18 கோடியாக இருந்த அவருடைய ஊதியம் இந்த மாற்றத்தில் 14 கோடியாகக் குறைந்தது. விலையையே அளவாகக் கொண்டால் இது இறக்கம். துரோகம் என்று அணியைச் சிலர் திட்டினார்கள், வீரரைச் சிலர் திட்டினார்கள். ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறியபோது 2024 பருவம் முழுக்க மைதானம் மைதானமாக அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். சில வாரங்களில் உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை அதே கை வீசி இந்தியாவை வெல்ல வைத்தது. வீரர் ஆடுகிற இடத்தைத் தேடிப் போவதில் என்ன துரோகம் இருக்கிறது?

வீரரின் சம்மதம் இல்லாமல் அவரைக் கை மாற்றுவதுதான் அநியாயம். அந்த அநியாயத்தை எதிர்த்த ஒரு மனிதரை இங்கே நினைக்க வேண்டும். கர்ட் ஃப்ளட், அமெரிக்கப் பேஸ்பால் வீரர். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவம் ஆடி இரண்டு உலகத் தொடர் வெற்றிகளில் பங்கேற்றவர். 1969இல் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். போகமாட்டேன் என்றார். நான் வாங்கி விற்கும் சரக்கு அல்ல என்ற நிலையில் வழக்குக்குப் போனார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதில் கரைந்தது. ஆனால் அவர் மூட்டிய தீயில்தான், பத்து ஆண்டு அனுபவமும் அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியிலும் இருந்த வீரர் தன்னை மாற்றுவதை மறுக்கலாம் என்ற விதி வந்தது. 1975இல் வீரர்களைக் காலமெல்லாம் கட்டிவைத்த பழைய ஒப்பந்த முறையும் உடைந்தது. ஐபிஎல்லில் இன்று வீரரின் சம்மதமின்றி அவரை இன்னொரு அணிக்கு மாற்ற முடியாது. நல்ல விதி. ஆனால் ஏலத்தில் பெயர் கொடுத்துவிட்டால் எந்த அணி என்று வீரர் சொல்ல முடியாது. வாங்கப்பட்ட பின் தக்க காரணமில்லாமல் விலகினால் இரண்டு ஆண்டுத் தடை. 2025இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு அந்தத் தடை விழுந்தது. வீரர் வராவிட்டால் தண்டனை உண்டு. சரி, வாங்கிய அணி அவரை ஆடவிடாவிட்டால் என்ன தண்டனை? எதுவும் இல்லை.

"கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள், உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடி வாங்குபவர்கள் சிலர். பலர் அடிப்படை விலைக்காரர்கள். பணம் அடுத்த ஆண்டும் வரலாம். இருபத்துமூன்று வயது இரண்டாவது முறை வராது.

ஆகவே கிரிக்கெட் வாரியத்திடம் நான் வைக்கும் கோரிக்கை இது. பருவத்தின் பாதியில், இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரர் வேறு அணிக்கு மாறலாம் என்ற ஏற்பாடு முன்பு கொண்டுவரப்பட்டது. அணிகள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் முடிவு அணிகளின் கையில் இருந்தது. அந்த உரிமையை வீரரின் கையில் கொடுங்கள். ஏழு ஆட்டம் முடிந்தும் களமிறக்கப்படாத வீரர் விரும்பினால், அவரை ஆடவைக்க முன்வரும் அணிக்கு அந்தப் பருவத்துக்குப் போகலாம் என்று விதி எழுதுங்கள். கால்பந்தில் இரவலாக வீரரை அனுப்புவது காலங்காலமாக நடக்கிறது. அதனால் எந்தப் பெரிய அணியும் அழிந்துவிடவில்லை. உட்கார்ந்திருக்கும் 130 பேரில் இன்னொரு வருண் இருக்கிறாரா, இன்னொரு சுதர்சன் இருக்கிறாரா என்பது அப்போது தெரியும்.

வாரியம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தம்பிகளே. பொங்கலுக்குச் சுற்று வட்டாரத்தில் நடக்கும் போட்டிகளுக்கு நீங்கள் பதினைந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அதில் நான்கு பையன்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். வரும் பொங்கலில் அந்த நால்வரில் ஒருவரிடமாவது புதுப் பந்தைக் கொடுங்கள். முதல் ஓவரில் 25 ரன் போனாலும் இரண்டாவது ஓவரையும் அவரிடமே கொடுங்கள்.